பேரும் ஊரும் போட்ட செய்தி

786
கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
10-7-1977

அன்புள்ள சிகாபுதீன் அண்ணனுக்கு, தங்கச்சி சுல்ஃபத் ஸலாம் சொல்லி எழுதுறது. நானும் உங்க மச்சானும் அல்லா காவல்ல சுகமா இருக்கோம். உங்க சுகத்தையும் ஜுமைலா மதினி சுகத்தையும் எழுதுங்க. மதினிக்கு முட்டிவலி குறைஞ்சுதா?

இங்க மழை விட்டபாடில்லை. உங்க மச்சான் கடைச் சாக்கெல்லாம் நனைஞ்சு, வீடு முழுக்க ஈரச்சணல் வாடை.

ஒரு சங்கதி கேக்கணும்னுதான் பேனா எடுத்தேன். எங்க பின்பக்க அறையில வாடகைக்கு இருக்காங்களே மாடத்தியும் அவ புருசன் பிச்சையும், போன தடவை வந்தப்ப நீங்ககூட அவ கையால சுக்குக் காப்பி வாங்கிக் குடிச்சீங்க. சங்கரன்கோவில் பக்கத்து ஆளுங்க. பிச்சை மிளகுப் பண்டகசாலையில மூட்டை தூக்குறான். அவன் கையில தேமல் மாதிரி வெளுத்துப்போய், அந்த இடத்துல நெருப்பு பட்டாலும் உறைக்கலை. மாடத்திக்கு மலையாளம் தெரியாது, துணைக்கு வாங்கக்கான்னு கூப்பிட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணே, அது பெருவியாதியாம்.

அங்க கமலாக்ஷின்னு ஒரு நர்ஸ். தங்கமான மனுசி. "ஆரம்பம்தான், பகராத்த வகை, மருந்து மாத்திரம் முடக்கருது"ன்னாங்க. ஒட்டாத வகை, மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாதுன்னு அர்த்தம். வாரா வாரம் வியாழக்கிழமை மாத்திரை தர்றாங்க. ஆனாலும் எனக்குப் பயம். ஒரே கிணறு, ஒரே வாளி. உங்க பேப்பர் ஆபீசுக்கு டாக்டருங்க வருவாங்கள்ல, நிஜமாவே ஒட்டாதான்னு விசாரிச்சு எழுதுங்க. மாடத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னா. உங்க மச்சான்கிட்டக்கூட நான் மூச்சு விடலை.

மதினிக்கு என் ஸலாம்.
சுல்ஃபத்


திருநெல்வேலி டவுண்
22-7-1977

அன்புத் தங்கை சுல்ஃபத்துக்கு, அண்ணன் ஸலாம். இங்கு இருவரும் நலம். மதினியின் முட்டிவலி தைலத்தில் அடங்கியிருக்கிறது. உங்கள் நலத்துக்குத் துஆ செய்கிறோம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ எழுதுவது அப்படியே கண்ணில் பார்ப்பதுபோல் இருக்கிறது. டாக்டரிடம் கேட்கிறேன். அதற்கு முன் சில விவரம் தேவை. அந்தப் பிச்சைக்கு என்ன வயது? ஊர் எது? எந்தப் பண்டகசாலை? மூட்டை தூக்குவது மட்டுமா, மிளகைக் கையால் தொடும் வேலையும் உண்டா? அந்த மிளகு உள்ளூருக்கா, கப்பலுக்கா? நோயின் தன்மையை டாக்டர் சொல்ல இதெல்லாம் வேண்டும். தாமதிக்காமல் எழுது.

ஆபீசில் வேலை நெருக்கடி. 'பொருநை மாலை' விற்பனை சரிந்துகொண்டே போகிறது. ஆசிரியர் தினமும் எங்கள்மேல் எரிந்து விழுகிறார். பத்து வருடம் உதவி ஆசிரியர் மேசையில் குந்தி என்ன கண்டேன், சொல்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.
சிகாபுதீன்


கொச்சங்காடி
1-8-1977

அண்ணனுக்கு ஸலாம். காய்ச்சல் வந்து இப்ப தேவலை, கவலைப்படாதீங்க. மதினிக்கு வலி அடங்குனது சந்தோசம்.

நீங்க கேட்டதை எல்லாம் மாடத்திகிட்ட பேச்சுவாக்குல கேட்டு வச்சேன். பிச்சைக்கு முப்பத்தெட்டு வயசு. ஊர் கீழப்புளியங்காடு. மகள் அங்கேயே அவ சித்திகிட்ட இருந்து அஞ்சாவது படிக்குது, பேரு பாக்கியலக்ஷ்மி. பண்டகசாலை யூதருங்க தெரு ஜூ டவுனுக்குப் போற வழியில, நீலக் கதவு போட்டது. காயப்போட்ட மிளகுக்குள்ள ஆம்பளைங்க வெறுங்காலோட நடந்து நடந்துதான் கிளறி விடணும். பாதிக்கு மேல கப்பலுக்குப் போகுதாம்.

டாக்டர் சொன்னதும் உடனே எழுதுங்க. இப்ப வாளியை மட்டும் தனியா வச்சிருக்கேன். மாடத்தி அதைப் பாத்துட்டுத் தன் குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு.

சுல்ஃபத்


கொச்சங்காடி
29-8-1977

அண்ணனுக்கு,

நோன்பு வச்ச வாயோட எழுதுறேன். நாங்க உயிரோட இருக்கோம்.

ஒரு மாசமா உங்க பதில் இல்லை. பதில் வேற வழியில வந்துச்சு. கொச்சங்காடி முக்குல ராஜபாளையத்துக்காரர் சாயாக்கடை இருக்குல்ல, அங்க செங்கோட்டை பஸ்ஸுல வந்த 'பொருநை மாலை'யை ஒருத்தன் சத்தம் போட்டு வாசிச்சிருக்கான். உங்க மச்சான் அதை வாங்கி மடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னாடி போட்டாங்க. நீங்க எழுதுனது உங்களுக்கே ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுறேன்.

'குஷ்டரோகியின் காலடியில் மிளகு! கொச்சியில் பகீர்! கீழப்புளியங்காட்டைச் சேர்ந்த பிச்சை (38) என்பவன் தன் கொடிய நோயை மறைத்து, நாம் ரசத்தில் போடும் மிளகை அழுகிய கால்களால் மிதித்து வருகிறான். இவனுடைய மனைவி மாடத்தி இதற்கு உடந்தை.'

அழுகிய கால்னு எங்கேண்ணே பாத்தீங்க? அவன் கால்ல ஒரு சிரங்குகூட கிடையாது. கையில ஒரு படை, அவ்வளவுதான்னு எழுதியிருந்தேனே. பகராத்த வகைன்னு நர்ஸ் சொன்னதையும் எழுதியிருந்தேனே. அந்த ஒரு வரிக்கு மட்டும் உங்க பேப்பர்ல இடமில்லாம போச்சா?

மூணாம் நாள் மலையாளப் பேப்பர்லயும் வந்துச்சு. நீலக் கதவுப் பண்டகசாலையில பிச்சையை மட்டுமில்லை, தமிழ் ஆளுங்க பதினாலு பேரையும் வெளியே தள்ளிட்டாங்க. யார் யாருக்கு ஒட்டியிருக்கோன்னு அவங்களை ரோட்டுல வரிசையா நிக்க வச்சு, சட்டையைக் கழட்டச் சொல்லிப் பாத்தாங்க. உங்க மச்சான் பின்பக்கம் போயி, "நோன்பு மாசம், பாவம் பாத்து மூணு நாள் தர்றேன், காலி பண்ணிடுங்க"ன்னாங்க. பிச்சை என்னைப் பாத்து, "ஆஸ்பத்திரியில யாரோ சொல்லிட்டாங்கக்கா"ன்னான். மாடத்தி பாத்திரத்தைச் சாக்குல கட்டிக்கிட்டே இருந்தா.

ஆஸ்பத்திரிக்காரங்க இல்லைன்னு நான் சொல்லலை.

அவங்க போன பிறகு அந்த அறையை இவங்க சுண்ணாம்பும் பினாயிலும் ஊத்திக் கழுவுனாங்க.

சுல்ஃபத்


திருநெல்வேலி டவுண்
9-9-1977

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஸலாம். நலமே. பெருநாளுக்கு உனக்குச் சேலை அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

உன் கோபம் புரிகிறது. ஆனால் நீ வீட்டுக்குள் இருந்து பார்க்கிறாய், நான் ஊரை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிளகு தின்பவர்கள் லட்சம் பேர். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஒன்றை, தெரிந்தவர்களின் பொருட்டு நான் அமுக்கி வைத்தால் அது பத்திரிகைக்காரன் செய்யும் வேலையா? உன் பெயர், மச்சான் பெயர், உங்கள் வீடு எதுவுமே செய்தியில் வரவில்லை. அதற்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. சில வார்த்தைகள் என்னுடையவை அல்ல, மேலே போனபோது சேர்ந்தவை. பத்திரிகையில் வேலை செய்கிறவனுக்குத்தான் அது புரியும்.

பதினாலு பேர் விஷயம் வருத்தமே. அது முதலாளி செய்த தவறு, செய்தி செய்த தவறு இல்லை.

அன்று நாலாயிரம் பிரதி கூடுதலாகப் போனது. ஆசிரியர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சிகாபுதீன்


கொச்சங்காடி
20-9-1977

அண்ணனுக்கு,

சேலை வந்துச்சு. பிரிக்கலை. உடம்பு சுகம்தான்.

உங்ககிட்ட சட்டம் பேச எனக்குத் தெரியாது, நடந்ததை மட்டும் சொல்றேன். அவங்க இப்ப வல்லார்பாடத்துல குடிசை போட்டிருக்காங்க. அது தீவு, போட்டுல போகணும். அங்க யாருக்கும் விசயம் தெரியாது. மாடத்தி தேங்காய் மட்டை அடிக்கப் போறா. பிச்சை வேட்டியைப் போத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கான். ஆஸ்பத்திரி வரிசையில நின்னா யாராவது பாத்துருவாங்கன்னு மாத்திரை வாங்க வரமாட்டேங்கிறான். உங்க மச்சானுக்குத் தெரியாம நான் வாங்கிட்டுப் போய்க் கொடுக்குறேன்.

வியாழக்கிழமை போனப்ப கமலாக்ஷி நர்ஸ் சும்மா உக்காந்திருந்தாங்க. முன்னெல்லாம் முப்பது பேர் நிப்பாங்க, அன்னிக்கு ஏழே பேர். "பேப்பர்ல பேரு வருமோன்னு பேடிச்சிட்டு ஆரும் வரலை. மருந்து நிறுத்தினா இவங்களுக்கெல்லாம் இனி முத்தும். முத்தினா பகரும். அதை எழுதினவன் ஆரோ, அவன்தான் பகர்த்துறான்"னாங்க. எழுதுனவன் என் கூடப் பொறந்தவன்னு நான் சொல்லலை. மாத்திரையை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு தலையைக் குனிஞ்சு வந்துட்டேன். லட்சம் பேருக்காக எழுதுனேன்னீங்களே, அந்த லட்சத்துல இந்த இருபத்து மூணு பேர் இல்லையா?

இன்னொண்ணு. கீழப்புளியங்காட்டுல பாக்கியலக்ஷ்மியைப் பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உக்கார விடலையாம். வாசல்ல தனியா உக்கார வச்சிருக்காங்களாம். உங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரம்தான். ஒரு நடை போயி, அந்த வாத்தியார்கிட்ட உங்க பேப்பர்ல வந்தது பொய்னு சொல்லுங்க. பேப்பர்லயும் தப்புன்னு போடுங்க. எந்தப் பக்கத்துல எந்த எழுத்துல பொய்யைப் போட்டீங்களோ, அதே பக்கத்துல அதே எழுத்துல போடுங்க.

சுல்ஃபத்


திருநெல்வேலி டவுண்
15-10-1977

தங்கைக்கு ஸலாம். நலம். நீ கேட்டதைச் செய்துவிட்டேன், துண்டு இத்துடன் இருக்கிறது. இதற்கே ஆசிரியரிடம் மூன்று நாள் மன்றாடினேன். இனியாவது சமாதானமாகு. பள்ளிக்கூடத்துக்கு நேரம் கிடைக்கும்போது போய் வருகிறேன்.

சிகாபுதீன்


கொச்சங்காடி
28-10-1977

அண்ணனுக்கு,

துண்டு கிடைச்சுது. கல்யாண விளம்பரத்துக்கும் மூலபவுத்திர விளம்பரத்துக்கும் நடுவுல, எறும்பு மாதிரி எழுத்துல:

'கொச்சி குஷ்டரோகி பிச்சைக்கு நோய் குறைவு. கீழப்புளியங்காட்டைச் சேர்ந்த பிச்சைக்கு (38) நோய் கட்டுக்குள் இருப்பதாகத் தெரிய வருகிறது.'

மறுபடியும் பேரு, மறுபடியும் ஊரு. மறந்துபோன ஒண்ணு ரெண்டு பேருக்கும் ஞாபகப்படுத்தி விட்டீங்க. இதுக்கா மூணு நாள் மன்றாடுனீங்க? உங்க நியாயம் உள்ள அழுகி மேல வெள்ளையடிச்ச மாதிரி இருக்குண்ணே. அதைத் தொட்ட கையை எத்தனை தடவை கழுவியும் எனக்குத் திருப்தி வரலை. இது மாதிரி இனி ஒண்ணும் போட வேண்டாம்.

சுல்ஃபத்


திருநெல்வேலி டவுண்
12-1-1978

அன்புள்ள சுல்ஃபத்துக்கு, மதினி ஜுமைலா ஸலாம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்க அண்ணன் உனக்கு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவங்க எழுதாததை நான் எழுதுறேன், இது அவங்களுக்குத் தெரியாது.

அவங்க இப்ப செய்தி ஆசிரியர். போன மாசம் ஆபீஸ்காரங்க இருபது பேருக்கு வீட்டுல பிரியாணி. சாப்பிடும்போது ஆசிரியர் சிரிச்சுக்கிட்டே, "சிகாபுதீன் முதல்ல பேரும் ஊரும் இல்லாம எழுதிட்டு வந்தாரும்மா. பேரும் ஊரும் இல்லாட்டி அது செய்தியா, சீக்காளி ஜாதகமான்னு கேட்டேன். அஞ்சு நிமிசத்துல ரெண்டையும் போட்டுக் கொண்டாந்துட்டாரு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. உங்க அண்ணனும் சிரிச்சாங்க. நான் அடுப்படிக்குள்ள வந்துட்டேன்.

மறுநாள் அவங்க மேசையைத் துடைக்கும்போது உன் கடிதம் ரெண்டும் கிடைச்சுது. சிவப்பு மையில அடிக்கோடு போட்டிருக்கு, வயசு, ஊர், வெறுங்கால், கப்பல் எல்லாத்துக்கும் கீழ. 'ஒருத்தருக்கும் தெரியக்கூடாது'ங்கிறதுக்குக் கீழ மட்டும் கோடு இல்லை. இதோட வச்சிருக்கேன், உன் பொருள் உன்கிட்டயே இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அவங்க ஒரு தடவை கிளம்புனாங்க. சங்கரன்கோவில் பஸ் நிக்கிற இடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டாங்க. என்ன சொல்லிக்கிட்டுப் போறது, யார்னு கேப்பாங்களேன்னாங்க. போன வாரம் நானும் என் தம்பியும் போனோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல இல்லை. சித்தி வீட்டுல பீடி சுத்துது. அது சுத்துற பீடியைத் தனியா வச்சா ஏஜெண்டு வாங்கமாட்டான்னு சித்தி தன் பேர்ல கொடுக்குறா. வாத்தியார்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அச்சுல வந்ததை நான் எப்படிம்மா பொய்யின்னு சொல்ல முடியும்?"ங்கிறார்.

எனக்கு அவங்ககூட உக்காந்து சாப்பிடப் பிடிக்கலை, புள்ளே. அதையும் யார்கிட்ட சொல்ல?

உன் மதினி
ஜுமைலா


திருநெல்வேலி டவுண்
25-2-1978

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஸலாம். நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது. மதினியும் சரியாகப் பேசுவதில்லை.

நடந்ததற்குப் பரிகாரமாக ஒன்று யோசித்திருக்கிறேன். 'அந்தக் குடும்பம் இன்று' என்று மனிதாபிமானக் கட்டுரை, முழுப் பக்கம். வாசகர்கள் உருகி உதவி அனுப்புவார்கள், அந்தப் பணம் அவர்களுக்கே போகும். வல்லார்பாடத்தில் எந்த இடம் என்று மட்டும் எழுது. நானே புகைப்படக்காரரோடு வருகிறேன். முகம் வேண்டாம், கை மட்டும் போதும். இப்போது விரல்கள் எப்படி இருக்கின்றன? ஓரளவு தெரிகிற மாதிரி இருந்தால்தான் வாசகர் மனம் இளகும்.

மாடத்தியிடம் நீ பக்குவமாகப் பேசிவை.

சிகாபுதீன்


கொச்சங்காடி
16-3-1978

சிகாபுதீன் அண்ணனுக்கு,

உங்க கடிதத்தை இவங்க கையில கொடுத்தேன். பினாயில் ஊத்திக் கழுவுன மனுசன்தான், "கை மட்டும் போதும்"ங்கிற இடம் வந்ததும் காகிதத்தைக் கீழ வச்சுட்டாங்க. "உன் அண்ணன் இந்த வாசப்படி ஏற வேண்டாம்"னாங்க. இவங்களும் அந்த வாசலை ரெண்டு பேருக்கு அடைச்சவங்கதான். அதையும் சொல்லிக் காட்டுனேன். எந்திரிச்சுக் கடைக்குப் போயிட்டாங்க. அன்னியில இருந்து நான் வியாழக்கிழமை எங்க போறேன்னு கேக்குறதில்லை.

விரல் எப்படி இருக்குன்னு கேட்டிருந்தீங்க. இடையில ரெண்டு மாசம் நான் கொண்டுபோன மாத்திரையைப் பிச்சை முழுங்காம கூரையில சொருகி வச்சிருக்கான். இனி எதுக்குன்னு விட்டுட்டான். இப்ப இடது கையில ரெண்டு விரல் மடங்கிப்போச்சு, நிமிர்த்த முடியலை. நீங்க ஆகஸ்டு மாசம் எழுதுனது மார்ச்சுல உண்மையாயிட்டு வருது. அதைப் படம் பிடிக்க ஆள் கூட்டிக்கிட்டு வர்றேங்கிறீங்க.

உங்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஏழு மாசமா அவ வீட்டுக்குப் போய் வர்றேன், யாரால இப்படி ஆச்சுன்னு வாய் திறக்கலை. ஆஸ்பத்திரிக்காரங்க மேல பழி கிடந்தப்ப அது அங்கேயே கிடக்கட்டும்னு இருந்துட்டேன். வாரா வாரம் அந்த நர்ஸ் கையாலேயே மாத்திரையும் வாங்கிட்டு வந்தேன். நீங்க அச்சுல செஞ்சதை நான் வாயை மூடிக்கிட்டுச் செஞ்சேன்.

போன வியாழக்கிழமை சொல்லிட்டேன். மாடத்தி குடிசைக்குப் பின்னால, ஊறப்போட்ட மட்டையை எடுத்துக் கல்லு மேல வச்சு அடிச்சுக்கிட்டு இருந்தா. சேத்து நாத்தம். பக்கத்துல உக்காந்தேன்.

"மாடத்தி, அந்தப் பேப்பர்ல எழுதுனது என் அண்ணன். உங்க வீட்டு விசயத்தை அவருக்குக் கடிதத்துல எழுதுனது நான்."

அவ அடிக்கிறதை நிறுத்தலை. அந்த மட்டையை முழுசா அடிச்சு, நாரைப் பிரிச்சு ஒரு பக்கமா போட்டுட்டுத்தான் பேசுனா.

"தெரியும்க்கா."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? ஊர்ப்பேரு, வயசு, மிளகை மிதிக்கிறதுன்னு நான் உங்க ஒருத்தர்கிட்டத்தானே சொன்னேன். பேப்பரை வாசிச்சுக் காட்டுன அன்னிக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது. நான் சொல்லலை. சொல்லியிருந்தா நீங்க கொண்டாந்த மாத்திரையை ஒண்ணுகூட வாங்கியிருக்க மாட்டாரு."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் என்னை உள்ள விட்டே?"

அடுத்த மட்டையை எடுத்து வச்சா. "எனக்கு மலையாளம் வராதுல்லக்கா. நீங்களும் இல்லாட்டி மருந்துக்கு யார் போவா?"

கோபமா சொல்லலை. என்னை மன்னிச்சும் சொல்லலை. உள்ளதைச் சொன்னா, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துச்சு. அவ பாக்கலை, அடிக்க ஆரம்பிச்சுட்டா. எந்திரிச்சு வரும்போது, "அடுத்த வாரம் வெயிலுக்கு முன்னால வாங்கக்கா, அவரு முழுங்குற வரைக்கும் கூட உக்காந்துட்டுப் போங்க"ன்னா. உள்ளே போயி பிச்சை வாயில ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணி கொடுத்து, முழுங்குனானான்னு நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துட்டு வந்தேன்.

அவங்க இருக்கிற இடத்தை உங்களுக்கு எழுதமாட்டேன். எத்தனை ரூபாய் சேர்த்துத் தர்றேன்னாலும் எழுதமாட்டேன். பாக்கியலக்ஷ்மியை ஜுமைலா மதினி திருநெல்வேலிக்குக் கூட்டிவந்து வேற பள்ளிக்கூடத்துல சேக்குறேன்னு எழுதியிருக்காங்க. பிள்ளை உங்க வீட்டுலதான் இருக்கும். உங்க கூடத்துல உக்காந்து படிக்கும். அது அப்பா பேரைப் பள்ளிக்கூடத்துல கேட்டா நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேருதானே. அதைப் பத்தி ஒரு வரி பேப்பர்ல வந்துச்சுன்னா, உங்க மேசையில இருந்து திரும்பி வந்த என் ரெண்டு கடிதத்தையும் சிவப்புக் கோட்டோட உங்க ஆசிரியருக்கு இல்லை, மத்த பேப்பர் அத்தனைக்கும் அனுப்புவேன். எழுதுனது யாருன்னு என் பேரையும் என் ஊரையும் போட்டே அனுப்புவேன்.

சுகம் விசாரிச்சு எழுதக் கை வரலை. இன்னிக்கு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு பத்து மணி போட்டைப் பிடிக்கணும்.

சுல்ஃபத்